கை தவறியதில் கிடைத்த குறிப்புகள்



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற நேரம்தான் எங்களுக்கு வாரத்திலேயே ருசியான நேரம். மேலே 'வீட்டுக் குறிப்பு' என்று ஒரு தலைப்பு, கீழே நாலைந்து வரி, அதற்கும் கீழே பெயர், ஊர். அவ்வளவுதான். ஆனால் அந்த நாலைந்து வரியில் எங்களுக்குப் பிடித்தது குறிப்பு இருக்கிற கடைசி வரி இல்லை, முதல் வரிதான். 'ஒருநாள் ஞாபக மறதியாக...', 'அவசரத்தில் கை தவறி...', 'குழந்தை அழுததில் அடுப்பை மறந்து...', 'மாமியார் கூப்பிட்டாரே என்று அப்படியே வைத்துவிட்டுப் போய்...' எத்தனையோ கடிதங்கள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததாக எழுதுவதில்லை. எல்லாம் தானாக நடந்துவிட்டதாம்!

தானாகவா நடந்தது? அதைப் பற்றித்தான் இந்த வாரம் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது. கூடவே, சில கடிதங்களை ஏன் பிரசுரிப்பதில்லை என்று கோபித்துக்கொள்ளும் சகோதரிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைப் பார்ப்போம். தேங்காய் மூடியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க நினைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டார் ஒருவர். மறுநாள் பார்த்தால் கருங்கல். துருவவும் முடியாது, கீறவும் முடியாது. சரி கிடக்கட்டும் என்று மேடையில் வைத்துவிட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து, கத்தி முனையால் லேசாக நெம்பினால், பருப்பு முழுசாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. சிரட்டையும் பருப்பும் குளிரில் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற பிடி தளர்ந்துவிடுகிறது. கை மணிக்கட்டு வலியோடு தேங்காய் கீறுகிற அறுபது வயதுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்கிறது?

இன்னொன்று, குக்கர் விஷயம். அலுமினியக் குக்கரின் உள்பக்கம் கறுத்துப்போவது உப்புத் தண்ணீர் ஊர்களில் தீராத தலைவலி. எலுமிச்சம்பழம் பிழிந்த தோலைக் குப்பையில் போடாமல் சின்னப் பையன் குக்கருக்குள் போட்டுவிட, அம்மா கவனிக்காமல் மூடி வெயிட்டும் போட்டுவிட்டார். திறந்தால் அடி பளபளவென்று இருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பிழிந்த தோலுக்குத் தனிக் கிண்ணம். தோல் இல்லாவிட்டால் ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கை. தண்ணீரில் இருக்கிற உப்புகள் அலுமினியத்தில் கறுப்பாகப் படிவதைப் புளிப்பு தடுத்துவிடுகிறது. அதனால் அடியில் ஊற்றுகிற தண்ணீரில் போட்டால் போதும், சாதத்துக்குள் போட வேண்டியதில்லை.

வெள்ளிச் சாமான் கதை இன்னும் சுவாரசியம். குங்குமச் சிமிழையும் சின்ன விளக்கையும் பிசுக்குப் போகட்டும் என்று சமையல் சோடா போட்ட வெந்நீரில் ஊறப்போட்டார் ஒரு வாசகி. கைக்கு அகப்பட்டது ஒரு பழைய அலுமினியக் குண்டான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தேய்க்காமலே வெள்ளி வெளுத்திருக்கிறது, குண்டான்தான் கறுத்துவிட்டது! அடுத்த வாரம் அதையே எவர்சில்வர் பாத்திரத்தில் செய்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அலுமினியம். மறுபடி வெளுப்பு. ஆக, வேலை செய்தது சோடா மட்டும் இல்லை என்று அவரே முடிவுக்கு வந்துவிட்டார்.

அவர் சொன்னது ரொம்பச் சரி. வெள்ளி கறுப்பது அழுக்கினால் இல்லை. காற்றிலும் நம் சமையலிலும் இருக்கிற கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டாகிற கறுப்பு அது. விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் அந்தக் கறுப்போடு துளி வெள்ளியும் சேர்ந்து போகிறது. வருஷக்கணக்கில் தேய்த்த பூஜைச் சாமானில் பூ வேலை மழுங்கிப்போவது இதனால்தான். அலுமினியமும் வெள்ளியும் ஒன்றையொன்று தொட்டபடி சூடான சோடாத் தண்ணீரில் இருக்கும்போது, ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை நடந்து, கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிகிறது, வெள்ளி அங்கேயே தங்கிவிடுகிறது. லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்படாதீர்கள், கந்தகம் விடைபெறுகிற வாடை அது. ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு போதும். அலுமினியக் குண்டான் இல்லாதவர்கள் எந்தப் பாத்திரத்திலும் அலுமினியத் தாளை விரித்துக்கொள்ளலாம், வெள்ளி அதைத் தொட வேண்டும் என்பதுதான் முக்கியம். கல் வைத்த நகையையும், வேலைப்பாடு தெரிவதற்காகவே கறுப்பேற்றி வைத்திருக்கும் சாமானையும் இதில் போடக்கூடாது. அந்த அழகான கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

இந்தச் சகோதரி செய்த காரியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் தடவை நடந்தது வேண்டுமானால் தற்செயல். இரண்டாவது தடவை எவர்சில்வரில் செய்து பார்த்தாரே, அது தற்செயல் இல்லை. மூன்றாவது தடவை திரும்பவும் அலுமினியத்துக்கு வந்தாரே, அதுவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இதைச் செய்தால் பரிசோதனை என்பார்கள். சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டு செய்தால் 'ஏதோ கை தவறி நடந்தது' என்று நாமே எழுதி அனுப்புகிறோம்.

நம் சமையலறையில் ரொம்ப வயசான விஷயங்கள் எல்லாமே இப்படி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். ஊறவைத்த பயறை மறந்தவள் வீட்டில்தான் முதல் முளைப்பயறு. மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததில் பழையது. உறைமோர் இல்லாத ராத்திரியில் பச்சை மிளகாய்க் காம்பை வெதுவெதுப்பான பாலில் போட்டால் தயிர் உறையும் என்று எந்தப் பாட்டிக்கு முதலில் தெரிந்ததோ! காம்பில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பாலைப் புளிக்க வைக்கின்றன என்று இப்போது சொல்கிறார்கள். முதல் தடவை உறைகிற தயிர் கொஞ்சம் நெகுநெகுவென்றுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த நாள் பாலுக்கு உறை ஊற்றினால் சரியாகிவிடும். இதையும் யாரோ ஒருத்தி இரண்டு நாள் செய்து பார்த்துத்தானே சொல்லியிருக்கிறாள்?

சரி, எழுதி வருகிற எல்லாக் குறிப்பும் இப்படித் தேறுமா என்றால், தேறாது. உதாரணத்துக்கு, சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடு, உப்பை இழுத்துக்கொள்ளும் என்பது. வருஷா வருஷம் இது வந்துகொண்டே இருக்கிறது. கிழங்கு உப்பை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுக்காது. உப்புத் தண்ணீரையே இழுக்கும். மிச்சமிருக்கிற சாம்பார் அதே கரிப்போடுதான் இருக்கும். அப்படியானால் எங்கள் வீட்டில் சரியானதே என்கிறீர்களா? கிழங்கு வேக வேண்டுமே என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினீர்கள் இல்லையா, சரியானது அதனால். கிழங்குக்குக் கிடைத்த பெயரெல்லாம் பாவம் தண்ணீருக்குச் சேர வேண்டியது. உப்புப் போடாத பருப்பை வேகவைத்து மசித்துச் சேர்த்தாலும் சரியாகும், சாம்பாரும் நீர்த்துப் போகாது.

அடைத்துக்கொண்ட சிங்க் குழாயில் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றுவதும் இதே ஜாதி. புஸ்ஸென்று பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி முடிந்ததும் ஒன்றையொன்று சாப்பிட்டுவிட்டு இரண்டும் ஓய்ந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சூடான சோப்புத் தண்ணீர் செய்கிற வேலையைக்கூட இது செய்யாது. பொங்கினால் வேலை நடக்கிறது என்று ஒரு நம்பிக்கை நமக்கு.

இப்படிப்பட்டவற்றைப் பிரசுரித்தால் பெரிய நஷ்டமில்லை, ஒரு உருளைக்கிழங்கு போகும். ஆனால் பொங்கினால் வேலை நடக்கிறது என்ற அதே நம்பிக்கை குளியலறைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எங்கள் மேஜையில் தனியாக எடுத்து வைக்கிற கடிதங்கள் அவைதான்.

கழிப்பறைத் தரையில் மஞ்சள் கறை. ஆசிட் ஊற்றியும் முழுசாகப் போகவில்லை. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருந்தது, அதையும் தூவினேன், நுரைத்துப் பொங்கிப் பளிச்சென்று ஆகிவிட்டது, கொஞ்சம் மூச்சு முட்டியது, இருமல் வந்தது, அவ்வளவுதான்... இப்படி ஒரு விஷயம் வேறு வேறு கையெழுத்தில் எங்களுக்கு வராமல் இருந்ததில்லை. அம்மாடி! அந்த 'கொஞ்சம் மூச்சு முட்டியது' என்ற இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ரே ஊர்ப் பக்கம் ஜெர்மன் ராணுவம் எதிரிப் படை மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும். நாலுக்கு நாலு அடிக் குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து உட்கார்ந்து தேய்க்கிற பெண்ணின் மூக்குக்கு நேராக!

ஆசிட் என்றால் கடையில் 'ஆசிட்' என்று கேட்டு வாங்குவது மட்டும் இல்லை. கழிப்பறை கழுவுவதற்கென்று விற்கிற திரவங்கள் பலவற்றில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். புட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலம்தான். பிளீச் என்றால் வெள்ளைத் தூள் மட்டும் இல்லை. வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச்சிங் திரவமும், தரைக்கு ஊற்றுகிற சில கிருமிநாசினிகளும் அந்த வகை. சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருக்கிறதா பாருங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவத்தோடு சேர்ந்தாலும் பிளீச் வேறு ஒரு விஷ வாயுவைக் கக்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு சாமான். அதை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட பிறகு, வேண்டுமானால் இன்னொரு நாள் இன்னொன்று. ஜன்னல் திறந்திருக்கட்டும், கதவும் திறந்திருக்கட்டும். யாராவது தப்பாக நினைப்பார்களோ என்று பார்க்க வேண்டாம், நாம் குளிக்கவா போகிறோம்?

தெரியாமல் கலந்துவிட்டால், பொங்குகிறதைக் கழுவிவிடலாம் என்று அங்கேயே நிற்காதீர்கள். எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நல்ல காற்று படுகிற இடத்தில் உட்காருங்கள். கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். மூச்சு இழுத்தாலோ, இருமல் நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. சிலருக்கு அப்போது ஒன்றும் தெரியாமல் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வருவதுண்டு. வீட்டில் ஆஸ்த்மாக்காரர்கள் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. வேலைக்கு வருகிற அம்மாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். நம் வீட்டில் இரண்டு புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, 'நல்லா பளிச்னு தேய்ச்சு விடும்மா' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நாம்தானே?

சூடு பட்ட கையில் பேஸ்ட் தடவியது, இங்க் கொட்டியது, மைதா மாவில் கையை விட்டது, இட்லி மாவு பூசியது என்று வருகிறவையும் இதே கட்டில்தான் இருக்கின்றன. 'எரிச்சல் உடனே அடங்கியது' என்று எழுதுகிறார்கள். குளிர்ச்சியாக எதைப் பூசினாலும் அந்த நிமிடம் இதமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே போன சூடு வெளியே வராது, புண்ணில் அழுக்கு சேரும், டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது தெரியும் வேதனை. குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டு அதன் கீழ் இருபது நிமிடம் கையைக் காட்டுங்கள். இருபது நிமிடம் என்றால் நிஜமாகவே கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். தோசை தீய்ந்தால் தீயட்டும், அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். ஐஸ் கட்டி வேண்டாம். முகம், கை, குழந்தை, உள்ளங்கையைவிடப் பெரிய காயம் - இதெல்லாம் வீட்டு வைத்தியத்தில் சேராது.

அந்துருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்த பழைய துணியில் கைக்குழந்தையைச் சுற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவன் போட்ட சட்டையைப் பத்திரமாக வைத்திருந்து சின்னவனுக்குப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். பூச்சி வராமலிருக்க உருண்டையும் போட்டிருப்போம். ஜி6பிடி என்கிற நொதி குறைவாகப் பிறக்கிற குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்துத் தெரியாது. ஆகவே, குழந்தைத் துணிக்குக் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போதும். அரிசி டிரம்மில் அந்துருண்டை போட்டதாக வந்த கடிதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? எண்ணெய் தடவின பருப்பில் வண்டு முட்டை வைத்தாலும் பொரிக்காது.

காஸ் கசிகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்கள் இன்னுமா இருக்கிறார்கள் என்றால், இருக்கிறார்கள். சோப்பு நுரையைக் குழாயில் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். சமையல் காஸும் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். ஜன்னலைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இப்போதெல்லாம் கைப்பேசியில் நாளொன்றுக்கு நாற்பது குறிப்பு வந்து விழுகிறதே, இந்தப் பகுதிக்கு என்ன அவசியம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. இங்கே ஒவ்வொரு குறிப்புக்குக் கீழேயும் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. செய்து பார்த்துச் சரியாக வரவில்லை என்றால் அடுத்த வாரமே, 'அந்த ஊர்ச் சகோதரி எழுதியபடி செய்தேன், பாத்திரம் பாழாகிவிட்டது' என்று ஒருவர் எழுதுவார். அதற்கு அவர் பதில் எழுதுவார். கைப்பேசியில் வருவது யார் சொன்னது, எந்த ஊர்த் தண்ணீரில் செய்தது, எத்தனை தடவை செய்தது? யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பெயர் என்றதும் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. சைனா கிராஸ் உங்களுக்குத் தெரியும். ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் சகோதரிகள் வீட்டில் நோன்பு திறக்கும்போது கடல்பாசி என்று பாலிலும் இளநீரிலும் செய்வார்களே, அதுதான். ராமேசுவரம், மண்டபம் பக்கம் இதற்கான பாசியைக் கடலில் முங்கி எடுத்து வருவதே பெண்கள்தான். இந்தச் சைனா கிராஸ் இல்லாவிட்டால் உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடமும் நடக்காது என்றால் நம்புவீர்களா? நம் சளியையும் ரத்தத்தையும் எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்க வட்டத் தட்டில் வளர்க்கிறார்களே, அந்தத் தட்டில் இருக்கிற பாகு அகர். அதாவது சைனா கிராஸ்.

அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஃபானி ஹெஸ்ஸே என்ற குடும்பப் பெண். அவர் கணவர் வால்தர் ஹெஸ்ஸே, 1881-இல் ஜெர்மனியில், ராபர்ட் கோக் என்ற பெரிய விஞ்ஞானியின் கூடத்தில் வேலை செய்தார். கிருமி வளர்க்க ஜெலட்டினை உபயோகித்தார்கள். கோடை வந்தால் அது உருகி ஓடும். சில கிருமிகள் அதைத் தின்று தண்ணீராக்கிவிடும். மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் மனைவியைப் பார்த்து, நீ செய்கிற ஜெல்லி மட்டும் இந்த வெயிலிலும் உருகாமல் நிற்கிறதே எப்படி என்று கேட்டார். நான் ஜெலட்டின் போடுவதில்லை, அகர் போடுகிறேன் என்றார் ஃபானி. ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த கைப்பக்குவமாம் அது. அகர் ஏறக்குறைய 85 டிகிரிக்கு மேல்தான் உருகும். மறுவருஷம், 1882-இல், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததைக் கோக் உலகத்துக்கு அறிவித்தபோது அகரைப் பற்றியும் ஒரு வரி சொன்னார். ஃபானியின் பெயரைச் சொல்லவில்லை.

ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்று இன்னொருவர், அதே ஜெர்மனியில். அந்தக் காலத்தில் பெண்களுக்குக் கல்லூரியில் இடமில்லை. உடம்பு சரியில்லாத பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தவர், பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் சோப்பும் எண்ணெயும் என்ன செய்கின்றன என்று பார்த்துப் பார்த்து, ஒரு தகரத் தொட்டியைக் கருவியாக்கி அளந்து எழுதினார். 1891-இல் இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபுவுக்குக் கடிதம் போட்டார். அந்தப் பிரபு நல்ல மனிதர். தன் மனைவியைக் கொண்டு அதை மொழிபெயர்த்து, 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி, ஆக்னஸின் பெயரிலேயே வெளிவரச் செய்தார். கடிதம் எழுதினவருக்குக் கிடைத்தது, அடுப்பங்கரையில் வாயால் சொன்னவருக்குக் கிடைக்கவில்லை!

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறோம் என்றால், எங்களுக்கு வருகிற கடிதங்களிலும் இந்தச் சங்கடம் இருக்கிறது. 'திருமதி' போட்டுக் கணவர் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறீர்கள். உங்கள் பெயர் என்ன? அதையும் எழுதுங்கள். அப்புறம், கொஞ்சம் சங்கோஜமான விஷயம். புளிச் சக்கையைக் குக்கரில் போட வீட்டு வேலைக்கு வருகிற அக்கா சொன்னார் என்று உள்ளே எழுதிவிட்டு, கீழே உங்கள் பெயரைப் போடுகிறீர்கள். கறை பிடித்த பாத்திரத்தை நாள் முழுக்க நாலு வீட்டில் தேய்க்கிறவருக்கு, எந்தத் தண்ணீருக்கு எது கேட்கும் என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். அவர் கண்டுபிடித்ததை அவர் பெயரில் போட எங்களுக்கு மகிழ்ச்சியே. எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் எழுதிக்கொடுங்கள், 'சொன்னவர் இன்னார், எழுதியவர் இன்னார்' என்று இரண்டு பெயரையும் போடுகிறோம். குறிப்பு வெளிவந்த பக்கத்தை அவர் கையில் கொடுத்து, பெயர் இருக்கிற இடத்தைக் காட்டுங்கள். மாமியார், நாத்தனார் சொன்னதற்கும் இதே சட்டம்தான். (மாமியார் சொன்னதை மருமகள் பெயரில் போட்டு அந்த வீட்டில் நடந்த கலவரத்தையும் ஒருவர் நகைச்சுவையாக எழுதியிருந்தார். அதை அடுத்த வாரம் போடுகிறோம்!)

இனி எழுதும்போது சில விஷயங்கள் சேர்த்து எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும். 'கொஞ்சம்' என்று எழுதாமல் எத்தனை ஸ்பூன், எத்தனை டம்ளர் என்று எழுதுங்கள். பாத்திரம் அலுமினியமா, எவர்சில்வரா, பித்தளையா? உங்கள் ஊரில் உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா? முடிந்தால் பாதியில் செய்து பாதியை அப்படியே விட்டுப் பாருங்கள். கொத்தமல்லிக் கட்டைக் காகிதத்தில் சுற்றி வைத்தால் வாடாது என்றால், ஒரு கட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சுற்றி, ஒன்றைச் சுற்றாமல், ஒரே தட்டில் வைத்து நாலு நாள் கழித்துப் பாருங்கள். பக்கத்தில் வாழைப்பழம் மட்டும் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வருகிற எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும், அப்புறம் காகிதத்தின் மேல் பழி விழும். அதே பழத்தைக் காய்த் தக்காளியோடு ஒரு பையில் போட்டு மூடி வைத்தால் தக்காளி சீக்கிரம் பழுக்கும் என்பது வேறு விஷயம். சரியாக வராமல் போனதையும் எழுதுங்கள். 'இப்படிச் செய்தேன், உதவவில்லை' என்கிற கடிதத்துக்கும் இங்கே இடம் உண்டு, அதற்கும் பெயர் போடுவோம்.

அடுத்த தலைப்பு மழைக்காலம். நமுத்த அப்பளம், காயாத துணி, பூஞ்சை பிடித்த ஊறுகாய், ஈரவாடை அடிக்கிற பீரோ என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். தபால் அட்டையே போதும். உப்பு ஜாடியில் நாலு அரிசி போடுகிற குறிப்பை மட்டும் தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். அது ஏற்கெனவே ஒரு சாக்கு நிறைய வந்து கிடக்கிறது.